டிஸ்சார்ஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஆறு மாதம்

கேள்வி இதுதான். திருப்பூரிலிருந்து ஒருவர் தன் அக்காவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 38 வயது, ஏழெட்டு வருடமாகக் குடி, கூடவே பைபோலார் (மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற வியாதி). கணவர் பிரிந்து போய்விட்டார், மகன் ஒன்பதாவது படிக்கிறான், இருப்பது அம்மா வீட்டில். போதை மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள் முடிந்துவிட்டது. நேராக வீட்டுக்கு வேண்டாம், பெண்களுக்கான ஹாஃப்வே ஹோம் (சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கிப் பழகுகிற இல்லம்) ஒன்றில் ஆறு மாதம் இருக்கட்டும் என்கிறார் டாக்டர். "பெத்த பொண்ணக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டாங்கன்னு ஊரே பேசும்" என்று அம்மா அழுகிறார். இது தேவைதானா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா, தேவையென்றால் நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, நான் பதினான்கு வருடமாக மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். அதில் நாலு வருடம் சென்னையில் இப்படி ஒரு வீட்டில்தான் வேலை, வாரத்தில் மூன்று ராத்திரி அங்கேயே படுக்கை. அதனால் பதில் கொஞ்சம் நீளும். அவசரமென்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: டாக்டர் சொன்னது சரி, ஆனால் எந்த வீடு என்று பார்க்காமல் சேர்த்தால் அது சரியில்லை.

அதற்கு முன் ஒன்று. உங்கள் கேள்வியில் டாக்டர் சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது, ஊர் சொல்லப் போவதுகூட இருக்கிறது. அக்கா என்ன சொன்னார் என்று மட்டும் இல்லை. இன்றைக்கே கேளுங்கள். அவர் 38 வயதுப் பெண், சின்னப் பிள்ளை இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது, சட்டப்படியும் தன் விருப்பத்தில் சேர்ந்தவரைப் பூட்டி வைக்க இடமில்லை. "உன்ன அனுப்புறோம்" என்று சொல்லாமல், ரெண்டு மூன்று இடத்துக்கு அவரையே கூட்டிப்போய்க் காட்டி "உனக்கு எது சரின்னு படுது" என்று கேட்டுப் பாருங்கள். பலபேர் சரி என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் வீட்டுக்குத் திரும்புவதை நினைத்து உங்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.

சரி, முப்பது நாளில் என்னதான் நடந்தது? முதல் நாலைந்து நாள் உடம்பிலிருந்து சாராயம் இறங்குகிற நேரம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, இன்னும் சிலருக்கு இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற குழப்ப நிலை. அதைத் தாண்டி வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, தூக்கம். மாதம் முடியும்போது கன்னம் பூசினாற்போல் இருக்கும், பேச்சு தெளிவாக இருக்கும், வீட்டார் "பழைய அக்கா திரும்பி வந்துட்டா" என்பார்கள். உண்மையில் அந்த மாதம் முழுக்க அவர் ஒரே ஒரு முடிவுகூட எடுக்கவில்லை. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது எல்லாம் மையம் பார்த்துக்கொண்டது. கையில் காசு இல்லை, போன் இல்லை, எதிரே கடை இல்லை. டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் காலையில் இத்தனையும் மொத்தமாக வந்து மேலே விழும்.

மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பற்றிய நூறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருப்பது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதத்தில்தான் என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. டாக்டர் ஏன் நடுவில் ஒரு படி போடச் சொல்கிறார் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் அக்காவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடி தனி, பைபோலார் தனி என்று இரண்டு வியாதி பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கும். குடித்தால் தூக்கம் கெடும், தூக்கம் ரெண்டு ராத்திரி கெட்டால் மேனியா, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகம், கிளம்பும், மேனியாவில் பயம் விட்டுப்போகும், கையில் இருக்கிற காசெல்லாம் கரையும், மறுபடி குடி. பைபோலாருக்கு நிறையப் பேருக்கு லித்தியம் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அதன் அளவு ரத்தத்தில் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அதற்காகத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. குடித்துவிட்டு வாந்தியெடுத்து உடம்பில் தண்ணீர் வற்றினால் லித்தியம் ஏறிப்போய் விஷமாகும். "குடிச்சிருக்கேன், அதனால இன்னைக்கு மாத்திரை வேண்டாம்" என்று திடீரென்று நிறுத்தினால் பழைய வியாதி தலைதூக்கும். இரண்டு பக்கமும் பள்ளம். அதனால் ஒன்றை மட்டும் பார்க்கிற இடம் உங்களுக்கு ஆகாது.

துரதிர்ஷ்டவசமாக நான் பார்த்த பெரும்பாலான இடங்கள் அப்படித்தான் இருக்கின்றன. மனநல இல்லத்தில் போய்க் கேட்டால் "குடிக்கிறவங்கள எடுக்கிறதில்ல" என்பார்கள், மறுவாழ்வு மையத்தில் கேட்டால் "மெண்டல் கேஸ் எடுக்கிறதில்ல" என்பார்கள். இதே வார்த்தையில் சொல்வார்கள், எரிச்சலாக வரும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய்க்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளும் அடங்கும். சட்டம் இரண்டையும் ஒரே பாயில் உட்காரவைத்து இத்தனை வருடம் ஆகியும் நடைமுறை இன்னும் வரவில்லை.

பெண் என்பதால் எல்லாமே இன்னும் ஒரு சுற்று இறுக்கம். பெண்ணின் உடம்பில் நீர் குறைவு, வயிற்றிலேயே சாராயத்தை உடைக்கும் நொதியும் குறைவு. அதனால் ஆண் குடிக்கிற அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாக ஏறும், முதல் கோப்பையிலிருந்து அடிமையாவது வரையான தூரமும் குறுகியது. 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பில் 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் 27.3 சதவீதமும் பெண்களில் 1.6 சதவீதமும் மது அருந்துவதாக வந்தது. மையங்களெல்லாம் ஆண்களை மனதில் வைத்தே கட்டப்பட்டிருப்பதற்கு அந்த எண்ணே காரணம். 1.6 என்றால் சின்ன எண் மாதிரி தெரியும், இந்த நாட்டில் அது பல லட்சம் பெண்கள். அவர்கள் கடையில் நின்று குடிப்பதில்லை. நான் வேலை பார்த்த இல்லத்தில் இருந்த ஒருவர் தன் வீட்டு அரிசி டிரம்முக்குள் பாட்டிலைப் புதைத்து வைத்திருந்தாராம், மூன்று வருடம் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அந்த வீட்டில் அரிசி டிரம்மைத் திறக்கிற இன்னொரு கை கிடையாது.

ஆண் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பினால் மனைவி சோறு வடித்து வைத்துக் காத்திருப்பார். பெண் திரும்பினால் முப்பது நாள் வேலையை வைத்துக்கொண்டு சமையலறை காத்திருக்கும். இதற்குத்தான் நடுவில் ஒரு வீடு.

அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். காலையில் எழுவது, டீ, குளியல், முறை வைத்துச் சமையல், பெருக்குவது, குழுவாக உட்கார்ந்து பேசுவது, வாரத்தில் ஒன்றிரண்டு ஏஏ மீட்டிங் (குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம்), மனநல மருத்துவரைப் பார்ப்பது, கொஞ்சம் தெளிந்தவர்கள் வேலைக்குப் போய் வருவது. நான் மாத்திரை டப்பாவைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். வந்த முதல் மாதம் மாத்திரை எங்கள் அலமாரியில் இருக்கும், நாங்கள் எடுத்துக் கையில் கொடுப்போம், அவர் எங்கள் முன்னால் விழுங்குவார். அடுத்த கட்டத்தில் அவரே வந்து கேட்டு வாங்க வேண்டும், நாங்கள் ஞாபகப்படுத்த மாட்டோம், அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்போம். அப்புறம் ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு வாரத்துக்கு அவரே அடுக்குவார், நாங்கள் சரிபார்ப்போம். கடைசியில் டப்பா அவர் அலமாரியில், சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். இதற்கு நாலு மாதம் ஆகலாம், ஆறும் ஆகலாம். நடுவில் ஒருமுறை வழுக்கினால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறுவோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காசும் அப்படித்தான். முன்னூறு ரூபாயும் ஒரு பையும் கொடுத்து எட்டுப் பேருக்குக் காய் வாங்கி வரச் சொல்வோம். முதல் தடவை போன ஒரு பெண் ஒரு மணி நேரம் கழித்து மூன்று கிலோ கத்தரிக்காய் மட்டும் வாங்கி வந்தார். என்ன வாங்குவதென்று முடிவெடுக்க முடியாமல் நின்றுகொண்டே இருந்தாராம், பின்னால் நின்றவர் அவசரப்படுத்தவும் கண்ணில் பட்டதைக் காட்டிவிட்டார். அன்றைக்கும் மறுநாளும் கத்தரிக்காய்தான். அவர் சந்தைக்குப் போன வழியும் எங்களுக்கு முக்கியம். நேர் வழியில் டாஸ்மாக் இருந்தது, சுற்று வழியில் பத்து நிமிடம் அதிகம். முதல் ரெண்டு மாதம் சுற்று வழி, துணைக்கு ஒருவர். பிறகு ஒருநாள் அவரே "இன்னைக்கு நேரா போய்ப் பாக்குறேன்" என்றார். போய் வந்தார். வந்து அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார், நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

இது ஒன்றும் புது யோசனை இல்லை, நம் ஊரிலேயே இதற்கு நல்ல வேர் இருக்கிறது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் வியாதியாகப் பார்க்கப் பழக்கியது. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார், மனச்சிதைவு உள்ளவர்களின் மறுவாழ்வுக்காக. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தெருவில் விடப்பட்ட மனநோயுள்ள பெண்களுக்காக தி பேன்யன் அமைப்பை ஆரம்பித்தார்கள். அவர்கள் 2015இலிருந்து நடத்துகிற ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைப் பற்றித் தேடிப் பாருங்கள். நாலைந்து பெண்கள் சேர்ந்து சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் இருக்கிறார்கள், உதவிக்கு ஒருவர் இருப்பார். போர்டு கிடையாது. இந்த வேலையில் நான் பார்த்த மிகச் சரியான யோசனை அதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 1975இல் மேரிலாந்தில் தொடங்கிய ‘ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. அங்கே வார்டனே கிடையாது, குடியை விட்டவர்கள் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டு, எதையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்து வாழ்கிறார்கள், பெண்களுக்குத் தனி வீடுகள். சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை அந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான தொடர் சிகிச்சைக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் போனவர்களில் சுமார் 31 சதவீதம் பேர்தான் மது, போதையைத் தொட்டிருந்தார்கள், மற்றவர்களில் சுமார் 65 சதவீதம். இந்த ஆய்வு 2006இல் வெளியானது. அந்த மாதிரி வீடு உங்கள் அக்காவுக்கு இப்போதைக்குப் போதாது, மாத்திரையைக் கவனிக்க ஆள் வேண்டும். ஆனால் வியாதி தணிந்த பிறகு எங்கே, யாரோடு வாழ்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

இனி நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கிற விஷயம். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்க வேண்டும், சுவரில் மாட்டியிருப்பார்கள், தேதியைப் பாருங்கள். ராத்திரி யார் பணியில் இருப்பார்கள், பெண்தானா என்று கேளுங்கள். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், நடு ராத்திரியில் ஏதாவது என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவார்கள், இதற்கு உடனே பதில் வர வேண்டும். யோசித்து இழுத்தால் ஏற்பாடு இல்லை என்று அர்த்தம்.

அதையெல்லாம்விட நான் பார்ப்பது சாவிகளை. குளியலறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க வழி இருக்கிறதா? அவரவர் துணிக்குப் பூட்டு உள்ள அலமாரி உண்டா? வாசல் கதவு பகலில் எப்படி இருக்கிறது? நாலு மாதம் ஆனவர்களும் நேற்று வந்தவரும் ஒரே மாதிரிப் பூட்டில் இருந்தால் அந்த வீட்டில் யாரும் எங்கேயும் நகரவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். போய்ப் பார்க்கும்போது அங்கே இருக்கிற பெண்களிடம் ஐந்து நிமிடம் பேச விடுங்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் ஊழியர் நின்றுகொண்டே இருந்தால், அல்லது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

முன்னால் சொன்ன 2017 மனநலச் சட்டம் உங்கள் பக்கம் நிறையச் சொல்கிறது, நம் ஆட்கள் அதைக் கேட்டுப் பழகவில்லை. கட்டாய மொட்டை கூடாது. விரும்பினால் சொந்தத் துணி போட்டுக்கொள்ளலாம், யூனிஃபார்ம் கட்டாயமில்லை. மாதவிடாய்க்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் கூலி உண்டு (தன் தட்டைக் கழுவுவதும் முறைச் சமையலும் வேறு, நிர்வாகியின் வீட்டுத் துணியைத் துவைக்க வைப்பது வேறு). போன் பேசவும் பார்க்க வருகிறவர்களைப் பார்க்கவும் உரிமை உண்டு. சங்கிலியால் கட்டுவது முழுக்கத் தடை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த வருடம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், செய்தித்தாள் படம் இன்னும் நினைவிருக்கிறது. "வேன் அனுப்பி நாங்களே தூக்கிட்டு வந்துடுவோம், நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம்" என்று போனில் யாராவது சொன்னால் எனக்கு அந்தப் படம்தான் வரும். அங்கே போகாதீர்கள்.

பணம் இடத்துக்கு இடம் எக்கச்சக்கமாக மாறும். மாதத் தொகையை மட்டும் கேட்காமல் மருந்து, மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்றும். மருத்துவமனை அட்மிஷன் கணக்கில் இது வராது என்பதால் இன்ஷூரன்ஸை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். விவரத்துக்கு போதைக்கான இலவச எண் 14446, மனநலத்துக்கு 14416. அக்காவுக்கு ராத்திரி மனசு சரியில்லை என்றாலும் இரண்டாவது எண்ணில் தமிழில் பேசலாம்.

எல்லாருக்கும் இது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் குடிக்காத, பொறுமையான ஒருவர் முழு நேரம் இருந்து, டாக்டரும் பக்கத்தில் இருந்தால் நேராக வீட்டுக்குப் போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு. மாறாக, தூங்காமல் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாலோ சாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாலோ ஹாஃப்வே ஹோம் போதாது, அப்போது மருத்துவமனைதான்.

சேர்க்கும் முன் ஒன்று கேட்டுவிடுங்கள்: "ஒருவேளை குடிச்சிட்டா என்ன பண்ணுவீங்க?" குடிக்கவே விடமாட்டோம் என்பது பொய். உடனே வெளியே அனுப்பிவிடுவோம் என்பதும் எனக்கு ஒப்பாது. வீட்டில் மற்ற ஏழு பேரின் பாதுகாப்பு முக்கியம்தான், அதற்காக ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண்ணைப் பையோடு வாசலில் நிறுத்துவதா? மருத்துவமனைக்கு அனுப்பி, தெளிந்ததும் உட்கார்ந்து பேசி, திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்று சொல்கிற இடமே இடம்.

இந்த ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக்கும் வேலை இருக்கிறது. இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். மூன்று மாதம் அருமையாக இருந்த ஒருவரைப் பொங்கலுக்கு நாலு நாள் வீட்டுக்கு அனுப்பினோம். மாத்திரை, டாக்டர் நம்பர், எல்லாம் எழுதிக் கொடுத்தேன். வீட்டாரை முன்னாலேயே கூப்பிட்டுப் பேசவில்லை, அது என் தப்பு. மாட்டுப் பொங்கலன்று மாமா வாங்கி வைத்த பாட்டில் ஃபிரிட்ஜில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. திரும்பி வரும்போது அவர் ஆட்டோவிலிருந்து தானாக இறங்க முடியவில்லை. வீட்டில் யாருமே வேண்டுமென்று செய்யவில்லை, சொல்லாதது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் உங்கள் வீட்டில் யார் குடித்தாலும் இனி வீட்டுக்குள் வேண்டாம் என்று இப்போதே பேசிவிடுங்கள். இருமல் மருந்து, தூக்க மாத்திரை உட்பட பழைய மருந்துகளை அப்புறப்படுத்துங்கள். மாமா, சித்தி என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்லாமல் ஒரே ஒருவர் மட்டும் அக்காவோடு சிகிச்சை விஷயம் பேசட்டும், அது நீங்களாக இருக்கலாம்.

மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒன்பதாவது படிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும், யாரும் அவனிடம் பேசாததுதான் அவனுக்குப் பாரம். பார்க்கப் போகும்போது கூட்டிப் போங்கள், மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போகாமல்.

அம்மாவுக்கு என்ன சொல்வது? பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் தாய்வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோமே, அதைத் தள்ளிவிட்டார்கள் என்றா சொல்கிறோம் என்று ஒரு பாட்டியம்மா என்னிடம் கேட்டார், மகளைச் சேர்க்க வந்தவர். எனக்கு அதைவிட நன்றாகச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் அம்மாவையும் இடம் பார்க்கக் கூட்டிப் போங்கள். அங்கே சமையல் வாசனை வந்தால் பாதி அழுகை நிற்கும்.

ஆறு மாதம் கழித்து அம்மா வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றும் இல்லை. வேலை கிடைத்தால் தமிழக அரசின் ‘தோழி’ விடுதி மாதிரி வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் இருந்துகொண்டு வார இறுதியில் மகனோடு இருக்கலாம். அது அப்போது அவர் எடுக்கிற முடிவு.

சேரும் நாளில் புதுத் துணியாக வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள், பழைய நைட்டி நாலு, அவர் வழக்கமாகப் படுக்கிற தலையணை, மகன் போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு நகல், கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இவ்வளவு போதும். அப்புறம் போன் பண்ணும்போது "மாத்திரை போட்டியா" என்று ஆரம்பிக்க வேண்டாம், அதைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். இன்றைக்கு யார் சமையல், என்ன குழம்பு என்று கேளுங்கள்.